தங்கள் நல்வரவை விரும்பும்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை. சேலையூர் மாடி வீட்டில் எல்லோரும் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள்.

மோகன்ராஜ் திருமுடிவாக்கத்துக்குப் போய்விட்டான். பட்டறையில் அவசர ஆர்டர். அரை நாள் வேலை. அம்மா முத்தாலம்மாள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அனுப்பிரியா லேப்டாப்பைத் திறந்தாள்.

போன வாரம் வந்த போனைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை. பேச வேண்டிய இருவரும் அதைத் தவிர்த்தார்கள். மூன்றாவது ஆளுக்கு அந்தப் போன் வந்ததே தெரியாது.

பேசியவர் மாணிக்கவேல். அனுவுக்கும் மோகனுக்கும் அப்பா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் வீட்டை விட்டுப் போனவர். கூடுவாஞ்சேரியில் அவருக்கு வேறு குடும்பம். மகனுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பத்திரிகைல கீழ என் பேரு வரும்ல?"

"வரும்பா" என்று மோகன் சொல்லிவிட்டான். அதை அக்காவிடம் மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அக்கா அவனிடம் சரியாகப் பேசவில்லை.

பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒரு வரி வரும். அதன்கீழ் கூப்பிடுகிறவரின் பெயர். முத்தாலம்மாள் இந்தக் கல்யாணத்தில் தனக்கென்று கேட்டது அந்த இடத்தை மட்டும்தான்.

அக்கா அதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். தம்பி அதையே அப்பாவுக்குக் கொடுத்திருந்தான்.

---

அனுவுக்கு மேடவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வெப்சைட் செய்வது. சேர்ந்த நாளிலிருந்து அதே கருவிகள். நகைக்கடைக்கும் நர்சரி பள்ளிக்கும் ஒரே மாதிரிப் பக்கங்கள். நிறம்தான் மாறும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓனர் சிட்டிபாபு எல்லோரையும் கூப்பிட்டார். இனி எல்லாம் ஃபெர்னில்தான் என்றார். ஃபெர்ன் வெப்சைட் கட்டப் புதிதாக வந்திருக்கும் ஃபிரேம்வொர்க். திங்கட்கிழமை ஆளுக்கொரு பக்கம் செய்து காட்ட வேண்டும்.

அனு தம்பியின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டாள்.

தயக்கத்தோடுதான் தொடங்கினாள். ஒரு வரிக் கட்டளை. ஃபெர்ன் தேவையான கோப்புகளைத் தானே அடுக்கிக்கொண்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து காட்டியது. அவள் மணமகன் பெயரை அடித்தாள். சேமித்தாள். விரலை எடுப்பதற்குள் பெயர் பக்கத்தில் வந்துவிட்டது.

பழைய முறையில் ஒரு கமா போடுவதென்றாலும் கோப்பை சர்வரில் ஏற்ற வேண்டும். பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். வந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தைத் துண்டு துண்டாகச் செய்யலாம். பெயர் ஒரு துண்டு. முகூர்த்தம் ஒரு துண்டு. மண்டபத்துக்கு வழிகாட்டும் மேப் ஒரு துண்டு. தப்பு செய்தால் ஃபெர்ன் சிவப்பாகக் கத்தவில்லை. இந்த வரியில் இதைச் சொல்ல நினைத்தீர்களா என்று கேட்டது. பெரும்பாலும் அவள் அதைத்தான் நினைத்திருந்தாள்.

"பரவால்லையே நீ" என்றாள் திரையிடம்.

"யாருகிட்டடி பேசுற?"

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். முத்தாலம்மாள் சானடோரியம் பகுதியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்கச் சட்டைகளில் கோணல் தையல் தேடுகிற கண். அது நேராகத் தப்பில் போய் நின்றது.

"திருவளர்ச்செல்வன் ம. மோகன்ராஜ். இன்னாடி இது? யாரு அந்த ம?"

"இனிஷியல்மா. அப்பா பேர் குடுத்தா அதுலேருந்து இதுவே எடுத்துக்கும். ரெடிமேடா ஒரு டூல் இருக்கு."

"உங்கப்பன் பேரு மா-ல தானே ஆரம்பிக்குது?"

"அதான் எனக்கும் புரியல. இரு, உன் பேர் போட்டுப் பாக்கறேன்."

அனு கல்லூரி முடித்ததும் தன் தலைப்பெழுத்தை மு. என்று மாற்றிக்கொண்டவள். மோகன் மாற்றவில்லை. அது வேறு சண்டை. பழையது.

அவள் முத்தாலம்மாள் என்று அடித்தாள். சேமித்தாள்.

திருவளர்ச்செல்வன் ம. மோகன்ராஜ்.

அம்மா சிரித்துவிட்டாள்.

"நானும் ம, அந்தாளும் ம-வா? இருவது வருஷமா யாரும் சேத்து வைக்காதத உன் மிஷின் சேத்து வச்சிருச்சு போ."

"அம்மா!"

"இன்னா நோவு அதுக்கு?"

"நாம மா-ங்கறத ஒரே எழுத்தா பாக்கறோம். இதுக்கு ம தனி, பக்கத்துல வர கால் தனி. மு-ன்னாலும் அப்படித்தான். முதல் துண்டை மட்டும் எடுத்துட்டு மீதிய விட்டுடுது. இங்கிலீஷ்காரன் செஞ்சது. அவனுக்கு எழுத்துன்னா ஒத்தைதான்."

"காலை வெட்டிட்டு நிக்க வச்சிருக்கான்னு சொல்லு." அம்மா பையை எடுத்தாள். "கேம்ப் ரோட்டுக்குப் போயி மீனு வாங்கினு வரேன். கீழ என் பேரு வருதுல்ல?"

"வரும்மா."

அம்மா படியிறங்கும் சத்தம் கேட்டது. அனு பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். அடிவரியை இன்னும் தனித் துண்டாகச் செய்யவில்லை. மேலே எந்தப் பெயர் கொடுத்தாலும் அதுவே கீழேயும் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். முதலில் எழுத்து.

மோகனுக்கு எல்லாச் சான்றிதழிலும் மா. தான். அதனால் மாணிக்கவேல் என்று திரும்ப அடித்தாள்.

---

ஃபெர்னில் இன்னொரு வசதி இருந்தது. ஒரு கட்டளை கொடுத்தால் ஒரு லிங்க் வரும். எந்தப் போனிலும் திறந்து பார்க்கலாம்.

லிங்க்கை மோகனுக்கு அனுப்பினாள். 'போன்ல எழுத்து சரியா தெரியுதா பாரு.' வாரம் முழுக்க அவனுக்கு எழுதிய ஒரே செய்தி.

பதில் உடனே வந்தது. 'சூப்பர்க்கா. ரொம்ப தேங்க்ஸ்.'

எழுத்து தெரிகிறதா என்று கேட்டதற்கு எதற்கு தேங்க்ஸ் என்று அவளுக்குத் தோன்றியது. அதோடு விட்டுவிட்டாள்.

திரையின் மூலையில் ஒரு பச்சை வட்டம் வந்திருந்தது. உள்ளே 1 என்று இருந்தது. சற்று நேரத்தில் 6. பிறகு 14. எத்தனை முறை சேமித்தோம் என்பதன் கணக்கு என்று எடுத்துக்கொண்டாள். கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு அவள் இன்னும் வரவில்லை.

இப்போது சோதனைக்கு மா-வில் தொடங்கும் பெயர் ஒன்று வேண்டும். அப்பாவின் பெயரையே திரையில் வைத்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. மாடு என்று அடித்தாள். ம. மோகன்ராஜ் என்று வந்தது.

ரெடிமேட் கருவியைத் திறந்து உள்ளே படித்தாள். பத்து வரிகூட இல்லை. அதைத் தூக்கிவிட்டுத் தானே எழுதிப் பார்த்தாள். அடுத்த குறியீடு காலாக இருந்தால் சேர்த்துக்கொள், கொம்பாக இருந்தால் சேர்த்துக்கொள் என்று நீண்டுகொண்டே போனது. அழித்தாள். தேடினாள். எழுத்தை எழுத்தாகவே பிரித்துக் கொடுக்கும் வேலையை பிரவுசரே செய்யும் என்று ஒருவர் எங்கோ எழுதியிருந்தார். அதை வைத்து இரண்டு வரி.

சேமித்தாள்.

மா. மோகன்ராஜ்.

முயல் என்று அடித்தாள். மு. மோகன்ராஜ். கோழி. கோ. மோகன்ராஜ். பௌர்ணமி. அதுவும் சரி. ஸ்ரீ மட்டும் ஸ். என்று உடைந்தது. ஸ்ரீனிவாசன்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடி மாடு என்று போட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தாள். கால் முளைத்த மா அப்படியே நின்றது. இந்த வேலையில் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

போன் அடித்தது.

படப்பையிலிருந்து ஜெயவேலு. மோகன் கட்டிக்கொள்ளப் போகும் ரேஷ்மாவின் அப்பா.

"அனும்மா, மாமா பேசுறேன்."

"சொல்லுங்க மாமா."

"வூட்ல எல்லாரும் நல்லா கீறீங்களா?"

"நல்லாருக்கோம் மாமா."

"மாடு?"

"மாமா?"

"பத்திரிகைல போட்டுகீதேம்மா. தங்கள் நல்வரவை விரும்பும், மாடு. கொஞ்சம் முன்ன கோழின்னு இருந்துச்சு. அதுக்கும் முன்ன முயலு. எங்க சித்தப்பா கேக்குறாரு, மாப்ள வூட்ல பண்ணை எதுனா வச்சிருக்காங்களான்னு."

அனு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலையில் பச்சை வட்டம். 14.

"மாமா, அது டெஸ்ட் பண்றதுக்காக. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"மாப்ளதான் எங்க குரூப்புல போட்டாரு. காலைல மாணிக்கவேல்னு ஜோரா இருந்துச்சே. பாத்துட்டு சந்தோசப்பட்டோம். ஒரு ஆம்பள பேரு இருந்தா தானேம்மா நாலு பேரு மதிப்பாங்க. அப்பா வந்து மணவறைல நிப்பாரு, பாத பூஜை வாங்கிப்பாருன்னு மாப்ள சொல்லிகினு இருந்தாரு. இப்ப பாத்தா மாடு நிக்குது."

மணவறையில் நிற்பதைப் பற்றி மோகன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"மாத்திடறேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுக் கையேட்டைத் திறந்தாள். பச்சை வட்டத்தில் இருப்பது இந்த நொடியில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை. நீங்கள் சேமிப்பது உடனே அவர்கள் திரையிலும் மாறும். கூடி வேலை செய்ய வசதியானது என்று போட்டிருந்தது.

மாட்டை அழித்தாள். தங்கள் நல்வரவை விரும்பும் என்ற வரியின்கீழ் பெண் வீட்டுப் பக்கம் ஜெயவேலு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வெற்றிடம்.

---

மோகனின் பைக் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான். கையில் கிரீஸ் போகவில்லை.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்க? பட்டறைல ஒருத்தன் விடாம என்னைப் பாத்து ம்மா ம்மான்னு கத்தினுகீறான்."

"டெஸ்ட் பண்றத ஏண்டா ஊருக்கு அனுப்பின?"

"நீ மனசு மாறிட்டன்னு நெனச்சேன். அப்பா பேரு கீழ இருந்துச்சே."

"இனிஷியலுக்குப் போட்டேன். அதுவா கீழ வந்துச்சு."

"எனக்கு எப்படித் தெரியும் அது?"

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ பேசினாத்தானே கேக்கறதுக்கு?"

"மணவறைல நிப்பாருன்னு வேற சொல்லியிருக்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"இன்னா தெரிஞ்சா?"

முத்தாலம்மாள் வாசலில் நின்றாள். கையில் மீன் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

மோகன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைக் காப்பாற்றவில்லை.

"அப்பா போன் பண்ணாரும்மா" என்றான். "போன வாரம்."

அம்மா சமையலறைக்குப் போனாள். மீனைத் தொட்டியில் கொட்டினாள். தண்ணீரைத் திறந்தாள். மூடினாள். திரும்பி வந்தாள்.

"சொல்லு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பத்திரிகையில் பெயர். மணவறை. பாத பூஜை. மணவறைக்கு அவனாகவே அப்பாவைக் கூப்பிட்டது. ரேஷ்மா வீட்டில் அதைக் கேட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டது.

"அவரு பக்கத்துல நான் நிக்கணுமா?"

"ஒரு மணி நேரம்மா. அவ்ளோதான்."

"ம்."

"எனக்கு ஒரு நாளு எல்லாரும் மாதிரி நிக்கணும்னு ஆசையா கீது. ஸ்கூல்ல, காலேஜ்ல, வேலைக்குச் சேரும்போது, எங்க போனாலும் அப்பா எங்க அப்பா எங்கன்னு கேட்டானுங்க. கல்யாணத்துலயும் கேக்கணுமா? தப்பா அது?"

"தப்பில்ல" என்றாள் அம்மா.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"வரட்டும். உன் அப்பா. வந்து பாக்கட்டும். நான் வேணாங்கல." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆனா வாங்கன்னு கூப்புடறது யாரு? இந்த வூட்லேருந்துதானே கூப்புடறோம்? அவரு இந்த வூட்லயா கீறாரு?"

மோகன் தரையைப் பார்த்தான்.

"கதவத் தட்டினா யாரு தொறப்பா? நான். வந்தவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா? நான். வாங்கன்னு மட்டும் அவரு சொல்லணுமா?"

"அவங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஆம்பள பேருதான் வேணும்னு நிக்கறாங்க."

"அத அவங்க சொல்லட்டும். நீ ஏன் அவங்களுக்காக பேசுற?"

அவள் அனுவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பேரைப் போடு."

"அம்மா, பதினாலு பேர் பாத்துட்டு இருக்காங்க. நான் அடிக்கறது அப்படியே அங்க தெரியும். முதல்ல லிங்க்க மூடிடறேன்."

"எதுக்கு மூடணும்? பத்திரிகைன்னா பாக்கறதுக்குத்தானே."

அனு மோகனைப் பார்த்தாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

காலையில் ஒன்றாகக் கிடந்ததை அவள் இரண்டாகப் பிரித்தாள். மகனின் தலைப்பெழுத்துக்கு ஒரு துண்டு. கூப்பிடுகிறவர் பெயருக்கு ஒரு துண்டு. இனி ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஃபெர்னில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இனிஷியல் என்ன போடட்டும்?"

"அவன் பேரு. அவனைக் கேளு."

"மா" என்றான் மோகன். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நல்ல எழுத்துதான். போடு" என்றாள் அம்மா. "கீழ என்னுது."

"திருமதி போடட்டுமா?"

"வேணாம். பேரு போதும்."

முத்தாலம்மாள். அனு அடித்தாள். சேமித்தாள்.

மூவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெயரைவிடப் பச்சை வட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

14. 14. 12.

"போறாங்க" என்றான் மோகன்.

9. 5.

அவன் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அனு லேப்டாப்பை மூடப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

2. அதில் ஒன்று மோகனின் போன்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மீன் செதில் உரசும் சத்தம் வந்தது. ஒரே சீராக வந்தது.

---

அனுவின் போன் அடித்தது. ரேஷ்மா.

"அண்ணி, லிங்க்க மூடிடாதீங்க."

"எல்லாரும் போயிட்டாங்களே ரேஷ்மா?"

"எங்க போனாங்க? எல்லாரும் எங்க ஹால்லதான் கீறாங்க. போனை வச்சுட்டு சண்டை போட்டுனு கீறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். பின்னால் பல குரல்கள். "காலைலேருந்து எங்க வூட்ல டிவியே போடல. உங்க பத்திரிகையத்தான் பாத்துகினு இருந்தோம். முயலு வந்தப்ப எங்க பாட்டன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இப்ப அத்தை பேரு வந்ததும்தான் அப்பா எகிற ஆரம்பிச்சாரு."

"ரொம்பக் கோவமா இருக்காரா?"

"இருந்தாரு. அப்புறம் எங்கம்மா ஒண்ணு கேட்டுச்சு. அதோட உக்காந்துட்டாரு."

"என்ன கேட்டாங்க?"

"மாப்ள வூட்ல அம்மா பேரு கீது. நம்ம சைடுல என் பேரு எங்கன்னு கேட்டுச்சு. உன் பேருதான்யா கீழ கீது, ஜெயவேலு மட்டும். இருவத்தஞ்சு வருசமா இந்த வூட்ல நான் இன்னா வாடகைக்கா கீறேன்னு கேட்டுச்சு." ரேஷ்மா சிரிப்பை அடக்கினாள். "ஒரு பேரு சேக்க இடம் இருக்குமா அண்ணி?"

"இருக்கு. சொல்லு, உங்கம்மா பேர் என்ன?"

கேட்ட பிறகுதான் அனுவுக்கு உறைத்தது. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. எத்தனையோ முறை போய் வந்தாகிவிட்டது. அவள் மோகனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கும் தெரியாது.

"கன்னியம்மா" என்றாள் ரேஷ்மா.

அனு அடித்தாள். ஜெயவேலு என்ற பெயருக்குப் பக்கத்தில். சேமித்தாள்.

போனுக்குள் ஒரு பெண் குரல் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றது. யாரோ கைதட்டினார்கள். பச்சை வட்டம் 3 ஆனது. 8 ஆனது. 15 ஆனது.

"பதினஞ்சா?" என்றான் மோகன். "பதினாலு தானே இருந்தாங்க?"

"எங்கம்மா இப்பதான் போன எடுத்துச்சு" என்றாள் ரேஷ்மா.

அவளிடமிருந்து யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

"அனும்மா, சம்பந்தியம்மாகிட்ட குடு."

அனு ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் நீட்டினாள். முத்தாலம்மாளின் இரண்டு கையிலும் செதில். அவள் போனைத் தொடாமல் அதன் பக்கம் குனிந்தாள்.

"சொல்லுங்கண்ணே."

"இன்னாம்மா இதெல்லாம்? பேரு மாத்தறதெல்லாம் கம்ப்யூட்டர்ல பேசுற விசயமா? நேருல உக்காந்து பேசணும்."

"வாங்க. இன்னிக்கே வாங்க. சங்கரா மீனு வாங்கி வச்சிருக்கேன்."

அவர் இதற்குத் தயாராக இல்லை.

"இன்னிக்கா? நாங்க நெறைய பேரு கீறோமே."

"எல்லாரையும்தான் கூப்புடறேன்."

பின்னால் கன்னியம்மாவின் குரல் "போலாம்னு சொல்லுய்யா" என்றது.

"சரி, வரோம்" என்றார் ஜெயவேலு. குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதம்மா. மாப்ளயோட அப்பா? அவரு வருவாருன்னு சொன்னாங்களே. அவருக்கு யாரு பதில் சொல்றது?"

"அவருக்கு நான் சொல்றேன்."

அனு போனை அணைத்தாள். மோகன் சமையலறை வாசலில் நின்றான்.

"இன்னும் ரெண்டு கிலோ மீனு வாங்கினு வரணும்" என்றாள் அம்மா. "வண்டிய எடு."

"சரிம்மா."

"அதுக்கு முன்ன உன் போனக் குடு."

"எதுக்கும்மா?"

"நம்பரு உன்கிட்டதானே கீது."

அவன் தயங்கினான். அக்காவைப் பார்த்தான். பிறகு நம்பரைத் தேடி எடுத்து, அழைத்து, அம்மாவிடம் கொடுத்தான். அவள் கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தார்கள்.

"மோகன் இல்ல. முத்தாலம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்திலிருந்தும் தெரியவில்லை. அவள் கோணல் தையல் பார்க்கும்போது இருப்பதுபோல் இருந்தாள்.

"பையனுக்குக் கல்யாணம். தை மாசம். படப்பைல மண்டபம். அதுக்குத்தான் கூப்புடறேன்."

கேட்டாள்.

"பத்திரிகைல என் பேரு போட்டாச்சு. நான்தான் கூப்புடறேன்."

மறுபடி கேட்டாள். இந்த முறை நெடுநேரம். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் யாரென்று விசாரிப்பது இவர்களுக்கும் லேசாகக் கேட்டது. மோகன் அக்காவின் கையைப் பிடித்தான். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறான்.

"மணவறை எல்லாம் வேணாம்" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "முன் வரிசைல நாற்காலி போடச் சொல்றேன். வந்து உக்காந்து, மனசார வாழ்த்திட்டு, சாப்ட்டுட்டுப் போங்க."

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்குச் சொல்லணும். எத்தனை பேரா வருவீங்க?"